பிசிறு போகணும், லூப் நிற்கணும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணிக்கு ஒரு தனிக் குளியல் உண்டு. பயோ வாஷ் என்பார்கள். செல்லுலேஸ் என்ற நொதி கலந்த 50, 55 டிகிரி வெந்நீரில் துணியைச் சுழல விடுவார்கள். பருத்தி நூலிலிருந்து துருத்தி நிற்கும் பொடிப் பிசிறுகளை நொதி தின்றுவிடும். துணி வழவழப்பாகும், சாயம் தெளிந்து தெரியும். ஆனால் நேரம் தவறினால் நொதி நூலையே தின்னத் தொடங்கும். எடை குறையும், துணி வலுவிழக்கும். சூட்டை ஏற்றி நொதியை எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதில்தான் அந்த வேலையின் நுட்பம் இருக்கிறது. பிசிறு போகணும், பின்னலின் கண்ணியான லூப் நிற்கணும்.

அந்தத் துணியில் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு ஒருவர் கேமரா முன் நிற்கிறார். படம் கணினிக்கு வருகிறது. திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பாருங்கள்: பனியனில் ஒவ்வொரு கோடும் தெரியும், போட்டிருப்பவர் முகத்தில் ஒரு மயிர்த்துளைகூட இல்லாத படங்கள் எத்தனை! துணிக்குச் செய்யத் துணியாததை முகத்துக்குச் செய்திருக்கிறார்கள்.

அந்த முகம் ஏன் மெழுகு பொம்மை போலத் தெரிகிறது? தோலில் வெளிச்சம் என்ன ஆகிறது என்று பார்த்தால் புரியும். நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. அந்தப் பங்கு தோலின் நிறத்தைத் தொடுவதே இல்லை. விளக்கின் நிறத்திலேயே வந்துவிடும். நெற்றியில் மினுங்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். மற்ற ஒளி உள்ளே இறங்குகிறது. மேல்தோலில் மெலனின் ஒரு பங்கை விழுங்குகிறது. அதற்குக் கீழே ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சையையும் நீலத்தையும் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு மட்டும் தூரம் அலைந்து, நுழைந்த இடத்தைவிட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிக்கூட வெளியே வரும். உள்ளங்கையை டார்ச் மேல் வைத்தால் விரலிடுக்கு சிவந்து ஒளிர்வதும் இதனால்தான்.

ஆக, நாம் பார்க்கும் முகத்தில் இரண்டு வெளிச்சங்கள் கலந்திருக்கின்றன. நிறம் உள்ளிருந்து வருகிறது. துளை, ரேகை, பூனை முடி பற்றிய செய்தி பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. மெழுகிலும் ஒளி உள்ளே போய் அலைந்துதான் திரும்புகிறது, ஆனால் அதற்குத் துளையும் ரேகையும் கிடையாது. கணினித் தூரிகையால் முகத்தைத் தேய்க்கும்போது மேல் வெளிச்சத்தின் செய்தி அழிந்து உள் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. கண் ஏமாறுவதில்லை, மெழுகு என்றே படிக்கிறது.

நம் ஊர் முகங்களுக்கு இந்த நஷ்டம் இன்னும் பெரிது. கறுத்த தோலிலும் மேற்பரப்பில் திரும்பும் பங்கு ஏறக்குறைய அதே அளவுதான். உள்ளே போன ஒளிக்கோ மெலனின் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என இருமுறை வரி வாங்குகிறது. உள்ளிருந்து வருவது குறையக் குறைய மேல் மினுக்கம் தூக்கலாகத் தெரியும். கருவறையில் எண்ணெய்க்காப்பிட்ட கருங்கல் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை விளக்கொளியில் கன்னமும் மூக்கும் தோளும் நமக்குத் தெரிவது அந்த மினுக்கத்தால்தான். கறுத்த முகத்தின் மினுக்கத்தை ‘எண்ணெய் வடிகிறது’ என்று துடைத்து, நிழல்களையும் தூக்கிவிட்டால், எலும்பின் வடிவமே தட்டையாகிவிடும். நிறம் வெளுப்பதோடு முகமும் காணாமல் போகிறது.

வெளுக்கும் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. மியூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் டச்சிங், அதாவது கையால் திருத்தம், செய்த நெகட்டிவை 1855இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்து எல்லாரையும் வியக்க வைத்தார். அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. தோலில் சிவந்த இடமெல்லாம் படத்தில் கறுப்புத் திட்டாக விழும். அதைச் சரிசெய்ய நெகட்டிவில் பென்சில் வைத்தார்கள். நெகட்டிவில் கறுப்புச் சேர்ந்தால் படத்தில் வெளுப்பு. அதாவது பென்சிலால் முகத்தை வெளுக்க மட்டுமே முடியும். கறுக்க வேண்டுமென்றால் கத்தியால் ரசாயனப் பூச்சைச் சுரண்டவேண்டும். கை தவறினால் நெகட்டிவே பாழ். எளிய கருவி எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே வழக்கமும் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு இரண்டு பக்கமும் போகலாம். 1822இல் வெப்பம் பரவுவதைப் பற்றி நூல் எழுதிய ஃபூரியே, எந்தச் சிக்கலான ஏற்ற இறக்கத்தையும் அகலமான அலைகளாகவும் நெருக்கமான அலைகளாகவும் பிரிக்கலாம் என்று காட்டினார். டச்சிங் செய்பவர்கள் ‘பிரீக்வென்சி செபரேஷன்’ என்று சொல்வது அந்தக் கணக்கின் பேரப்பிள்ளை. கீழே, படத்தை மங்கலாக்கிய ஒரு லேயர். அசலிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் துளையும் முடியும் மேலே இன்னொரு லேயர். இரண்டையும் கூட்டினால் அசல் அப்படியே திரும்பும். கீழ் லேயரில் திட்டைச் சரிசெய்தால் மேல் லேயரில் துளை கலையாது. ஆனால் அந்தக் கீழ் லேயரையும் அளவுக்கு மீறி வழித்தால் வேறொரு தவறு நேரும். தோல் ஒற்றைச் சாயம் ஏறிய துணி அல்ல, மெலாஞ்ச். பல நிற இழைகள் கலந்து நூற்ற நூல் போல, பழுப்பும் சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

எந்தத் திட்டைத் தொடுவது? கை நீட்டும் தூரத்தில் இருக்கும் படத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்றாக மாறிமாறி வரும் வெளிச்சமும் நிழலும்தான் நம் கண்ணில் முதலில் உறுத்தும். துளைகள் அதைவிடப் பொடி, கன்னத்தின் வளைவு அதைவிட அகலம். நடு அளவிலுள்ள அந்தத் திட்டுகளை மட்டும் சின்னத் தூரிகையால் இங்கே கொஞ்சம் வெளுத்து, அங்கே கொஞ்சம் கறுத்துச் சமன் செய்தாலே தோல் தெளிந்துவிடும். மெனக்கெட்ட வேலைதான்.

திருப்பூருக்கு இதில் சொந்த நஷ்டமும் உண்டு. சாயம் தோய்த்த மாதிரித் துணியை ‘லேப் டிப்’ என்று அனுப்பி, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்து, ஷேட் ஒப்புதல் வாங்கித்தான் துணியைச் சாயத்தில் இறக்குகிறார்கள். கடைசியில் மாடலின் முகத்தை வெளுக்கவென்று முழுப் படத்தின் வெளிச்சத்தையும் தூக்கினால் மெரூன் பனியன் செங்கல் நிறமாகிவிடும். பார்சலைப் பிரிப்பவர் வேறு நிறம் வந்திருக்கிறது என்பார்.

பருவை எடுத்துவிடலாம், சில நாளில் தானாகவே போகிற ஒன்று அது. கையில்லாத பனியன் படங்களில் பலருக்கு இடது தோளுக்குக் கீழே, பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியின் வட்டத் தழும்பு தெரியும். பனியனின் தையல் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு தெளிவாக அதையும் விட்டுவைத்திருக்கும் படத்தின் முன்னால் நான் சற்று நேரம் நின்றுவிடுகிறேன்.