பல்கலைக்கழகக் கல்விக் கட்டமைப்பு மாற்றம்: தில்லிப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டத் திட்டம்

ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டப் படிப்பின் கால அளவு, பருவமுறை, பாடங்களின் அடுக்கு, மதிப்பீட்டு முறை ஆகியவற்றை ஒருசேர மாற்றியமைப்பது கல்விக் கட்டமைப்பு மாற்றம் எனப்படும். இது பாடத்திட்டத் திருத்தத்திலிருந்து வேறுபட்டது. பாடத்திட்டம் திருத்தப்படும்போது வரலாற்றுத் துறை தன் நூற்பட்டியலை மாற்றிக்கொள்ளும். ஏனைய துறைகள் அதை அறியாமலே இருக்கலாம். கட்டமைப்பு மாறும்போதோ கால அட்டவணை, ஆசிரியர் பணிநேரம், தேர்வுத் துறை, விடுதி, கட்டணம், சான்றிதழில் அச்சிடப்படும் பட்டப் பெயர் என எல்லாமே அசைகின்றன.

புதுக் கட்டமைப்பைத் தாளில் வரைவது இதில் எளிய பகுதி. பல்கலைக்கழகத்தை ஓராண்டு மூடிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முடியாது. மாற்றம் நிகழும் நாளில் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அரியர் தாள்களோடு வெளியேறியவர்களும் இருப்பார்கள். பாதி வழியில் நிற்கும் இவர்களை எந்த விதியின்கீழ், யார் கற்பித்து, எப்படிப் பட்டம் பெறச் செய்வது என்பதே மாற்றத்தை நிர்வகிப்பதன் மையச் சிக்கல். தில்லிப் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கி 2014இல் கைவிட்ட நான்காண்டு இளநிலைப் பட்டத் திட்டம் இதற்கு இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு.

பின்னணி

தில்லிப் பல்கலைக்கழகம் 1922இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட நடுவண் பல்கலைக்கழகம். இந்தியக் குடியரசுத் தலைவர் அதன் பார்வையாளர். குடியரசுத் துணைத்தலைவர் வேந்தர். கல்லூரிகள் பலவாக இருந்தாலும் இளநிலைப் படிப்புக்குப் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை. ஆகவே மையத்தில் எடுக்கப்படும் ஒரு முடிவு அதே ஆண்டில் எல்லாக் கல்லூரி வகுப்பறைகளையும் எட்டிவிடும்.

பள்ளியில் 10 ஆண்டு, மேனிலையில் 2 ஆண்டு, பட்டத்துக்கு 3 ஆண்டு என்ற 10+2+3 அமைப்பை 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை நாடு முழுமைக்குமான அமைப்பாக ஏற்றிருந்தது. தில்லியிலும் பட்டம் மூன்றாண்டுதான். ஆண்டுத் தேர்வு முறையை விட்டுப் பருவமுறைக்கு அறிவியல் பாடங்கள் 2010இலும் பிற பாடங்கள் 2011இலும் மாறின. அந்த மாற்றமே ஆசிரியர் சங்கத்தின் கடும் எதிர்ப்புக்கு இடையில் நடந்து உயர்நீதிமன்றம் வரை சென்றது. பருவமுறையில் சேர்ந்த முதல் கலைப் பிரிவு மாணவர்கள் மூன்றாம் ஆண்டை முடிக்கும் முன்பே அடுத்த கட்டமைப்புக்கு ஒப்புதல் தரப்பட்டுவிட்டது. ஒரு கட்டமைப்பின் பயனை அளக்க, குறைந்தது ஒரு தொகுதி மாணவர்களாவது அதில் நுழைந்து பட்டத்தோடு வெளியேற வேண்டும். அதற்கான பொறுமை இங்கே இருக்கவில்லை.

திட்டத்தின் அமைப்பு

கணித அறிஞரான தினேஷ் சிங் துணைவேந்தராக இருந்தபோது, 2012 டிசம்பரில் கல்விப் பேரவையும் செயற்குழுவும் திட்டத்தை ஏற்றன. 2013 ஜூலையில் வகுப்புகள் தொடங்கின. இடையில் இருந்தது ஏழு மாதம். அதற்குள் நான்காண்டுக்கான எட்டுப் பருவங்களின் பாடங்களை எழுதி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது.

மாணவர் எந்தத் துறையில் சேர்ந்தாலும் 11 அடிப்படைப் பாடங்கள் கட்டாயம். மொழி, தகவல் தொழில்நுட்பம், கணிதத் திறன், அறிவியலும் வாழ்வும், இந்திய வரலாறும் பண்பாடும், ஆட்சிமுறையும் குடிமையும், சுற்றுச்சூழல், வணிகமும் தொழில்முனைவும் முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுக்கு மேல் முதன்மைத் துறைப் பாடங்கள், இரண்டாம் துறைப் பாடங்கள், செயல்முறைப் பாடங்கள் என அடுக்கு சென்றது. இரண்டு ஆண்டில் வெளியேறுபவருக்குப் பட்டயம், மூன்றாண்டில் இளநிலைப் பட்டம், நான்காண்டு முடிப்பவருக்கு ஆனர்ஸ் பட்டம் என மூன்று வெளியேறும் வாயில்கள் வைக்கப்பட்டன.

எண்ணம் மோசமானதல்ல. குடும்பச் சூழலால் இரண்டாம் ஆண்டில் படிப்பை விடும் மாணவர் பழைய முறையில் வெறுங்கையோடு போவார். இதில் ஒரு சான்றிதழாவது மிஞ்சும். இலக்கிய மாணவர் சிறிது கணிதமும், இயற்பியல் மாணவர் சிறிது வரலாறும் அறிவது நல்லதே. ஆனால் எல்லாருக்கும் பொதுவான தாள் என்பதால் அடிப்படைப் பாடங்கள் பத்தாம் வகுப்பு அளவில் அமைந்துவிட்டன என்ற குறை உடனே எழுந்தது. கணிதத்தில் ஆனர்ஸ் படிப்பவரும், பார்வைக் குறைபாட்டால் கணிதத்தைப் பள்ளியிலேயே விட்டுவந்தவரும் ஒரே கணிதத் தாளை எழுத வேண்டியிருந்தது. ஒருவருக்கு அது வீண். மற்றவருக்கு அது சுவர்.

நிர்வாகத்தில் விட்டுப்போனவை

பாடத்தைப் பற்றிய வாதங்கள் அன்றைய செய்திகளை நிறைத்தன. நிர்வாகக் கணக்கைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. அந்தக் கணக்கு எளிமையானது. ஆண்டுதோறும் 100 பேரைச் சேர்க்கும் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் ஒரே நேரத்தில் 300 பேர் இருப்பார்கள். நான்காண்டானால் 400 பேர். யாரும் இடையில் வெளியேறாவிட்டால், சேர்க்கை ஒரு இடம்கூடக் கூடாமலே மாணவர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. வகுப்பறை, ஆய்வகம், விடுதி, ஆசிரியர் எல்லாம் அந்த அளவுக்கு வேண்டும். இதில் பலவழி வெளியேற்றம் இன்னொரு முடிச்சைப் போடுகிறது: எத்தனை பேர் தங்குவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. நான்காம் ஆண்டுக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதை மூன்றாம் ஆண்டு முடியும்வரை ஊகமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர் பணிநேரம் அடுத்த சிக்கல். கட்டாயத் தாள் ஒன்று நீங்கினால் அதைக் கற்பித்த துறையின் வாரப் பணிநேரம் சுருங்கும். பணிநேரம் சுருங்கினால் தற்காலிக ஆசிரியரின் வேலை போகும். தில்லிக் கல்லூரிகளில் அப்போது ஆயிரக்கணக்கானோர் அட்-ஹாக் ஆசிரியர்களாகவே பணியாற்றினர். எனவே எந்தப் பாடம் எத்தனை மணிநேரம் என்ற கேள்வி அவர்களுக்குக் கல்விக் கொள்கை பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. எதிர்ப்பின் கடுமையை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு முரணும் இருந்தது. 1962இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவு மூன்றாண்டுப் படிப்பிலேயே நீடித்தது. ஒரே பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டத்துக்குக் கல்லூரியில் ஒரு கட்டமைப்பும் அஞ்சல்வழியில் வேறொன்றும் நிலவின. இரண்டுக்கும் இடையிலான இணைத்தன்மை என்ன என்று கேட்ட மாணவருக்குத் தெளிவான விடை இல்லை.

2014 ஜூன்

2013இல் பல்கலைக்கழக மானியக் குழு திட்டத்தைத் தடுக்கவில்லை. கவனித்து ஆலோசனை கூற ஒரு குழுவை மட்டும் அமைத்தது. 2014 மே மாதம் நடுவணரசில் ஆட்சி மாறியது. ஆட்சிக்கு வந்த கட்சியின் தில்லிப் பிரிவு இத்திட்டத்தை நீக்குவதாகத் தேர்தலில் வாக்களித்திருந்தது. ஜூன் 20 அன்று மானியக் குழு, மூன்றாண்டுப் படிப்பில் மட்டுமே மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் அதன் கல்லூரிகளுக்கும் ஆணையிட்டது. நான்காண்டுத் திட்டம் 10+2+3 என்ற தேசியக் கொள்கைக்கு முரணானது என்பது அதன் வாதம்.

சேர்க்கை தொடங்கச் சில நாள்களே இருந்தன. பல்கலைக்கழகம் தன்னாட்சியைக் காட்டியது; மானியக் குழு கல்லூரிகளுக்கு நேரடியாகவே எழுதியது. ஊதியமும் பராமரிப்பு நிதியும் மானியக் குழுவிடமிருந்து வருவதால் பெரும்பாலான கல்லூரிகள் ஆணைக்கு இணங்கின. கட்-ஆஃப் பட்டியலை எதிர்பார்த்திருந்த மாணவர்கள், தாங்கள் சேரப்போவது மூன்றாண்டுப் படிப்பா நான்காண்டுப் படிப்பா என்று தெரியாமலே காத்திருந்தனர். ஜூன் 24 அன்று தொடங்க வேண்டிய சேர்க்கை தள்ளிப்போனது. ஜூன் 27 அன்று திட்டம் திரும்பப் பெறப்பட்டதாகத் துணைவேந்தர் அறிவித்தார்.

திட்டத்துக்குள் கொண்டுவர ஏழு மாதம் எடுத்தது. வெளியே கொண்டுவர ஒரே வாரம். இரண்டுமே அவசரம்தான். முன்னதைக் கண்டித்தவர்கள் பலர் பின்னதைக் கொண்டாடினர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இடையில் சிக்கியவர்கள்

2014இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இழப்பு ஒரு வாரக் காத்திருப்பு மட்டுமே. 2013இல் நான்காண்டுத் திட்டத்தில் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நிலை வேறு. அவர்களின் முதலாண்டில் பெரும்பகுதியை அடிப்படைப் பாடங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. முதன்மைத் துறைப் பாடங்கள் நான்காண்டுக்கும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. இப்போது எஞ்சியது இரண்டே ஆண்டு. மூன்றாண்டு ஆனர்ஸ் பட்டத்துக்குரிய துறைப் பாடங்களை அந்த இரண்டு ஆண்டுகளில் நெருக்கி அடக்க வேண்டியதாயிற்று. எந்த அடிப்படைப் பாடம் கணக்கில் சேரும், எது நீங்கும் என்பது அவர்கள் இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்தபின்தான் படிப்படியாக முடிவானது.

கணினி அறிவியல், மின்னணுவியல் போன்ற துறைகளில் சேர்ந்தவர்களின் சிக்கல் இன்னும் கூர்மையானது. நான்காண்டுத் திட்டத்தில் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டிருந்தது பி.டெக். பட்டம். பி.டெக். என்பதை மூன்றாண்டில் தர முடியாது. மூன்றாண்டில் தந்தால் அது பி.எஸ்சி.தான். வேறு பொறியியல் கல்லூரிகளில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்த மாணவர்களும் அவர்களில் இருந்தனர். போராட்டங்களுக்குப் பிறகு அந்தத் தொகுதி மாணவர்கள் நான்காண்டு படித்து பி.டெக். பட்டமே பெற இசைவு கிடைத்தது. இந்தச் சிறு பகுதியில் கடைப்பிடிக்கப்பட்டதுதான் உலகில் பல பல்கலைக்கழகங்கள் பொதுவிதியாகக் கொள்வது: சேரும்போது எந்த விதி இருந்ததோ அந்த விதியின்கீழ் மாணவர் படிப்பை முடிக்கலாம்.

அந்த விதியைக் காப்பாற்றுவது செலவு மிக்கது. பழைய கட்டமைப்பின் கடைசித் தொகுதி வெளியேறும்வரை இரு கட்டமைப்புகளும் ஒரே கட்டடத்தில் இணையாக ஓட வேண்டும். அதன் பிறகும் அரியர் வைத்திருப்பவர்களுக்காகப் பழைய பாடத்திட்டத்தில் வினாத்தாள் தயாரிக்க வேண்டும். பத்துப் பேர் எழுதும் தேர்வுக்கும் வினாத்தாள் ஒன்றுதான், திருத்துநரும் வேண்டும். பழைய பாடம் நிறுத்தப்பட்டுவிட்டால் புதியதில் எது அதற்கு ஈடு என்ற இணைத்தன்மைப் பட்டியல் முன்பே அச்சாகியிருக்க வேண்டும். ஓராண்டு இடைநின்று திரும்பும் மாணவர் முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.

ஹாங்காங்கின் வழி

இதே மூன்றிலிருந்து நான்குக்கான மாற்றத்தை ஹாங்காங் 2012இல் செய்தது. அங்கே பள்ளியில் ஓராண்டைக் குறைத்து அதைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். முடிவு 2005இலேயே உறுதியானது. 2009இல் புதிய மேனிலைப் படிப்பு தொடங்கியது. அதில் படித்த முதல் மாணவர்கள் 2012இல் பல்கலைக்கழகம் வந்தனர். பழைய பள்ளி முறையின் கடைசித் தொகுதியும் அதே ஆண்டு வந்தது. ஆக, ஒரே ஆண்டில் இரண்டு தொகுதி மாணவர்கள் நுழைந்தனர்: ஒன்று மூன்றாண்டுப் படிப்புக்கு, மற்றொன்று நான்காண்டுப் படிப்புக்கு. முதலாண்டுச் சேர்க்கை ஏறத்தாழ இருமடங்கானது.

இந்த நெரிசல் ஏழு ஆண்டுக்கு முன்பே நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தது. ஹாங்காங் பல்கலைக்கழகம் அதற்காகக் கட்டிய நூற்றாண்டு வளாகம் 2012இல் திறக்கப்பட்டது. எல்லாத் துறையினருக்குமான பொதுப் பாடங்களை, நான்காண்டுப் படிப்பு தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 2010இல் மூன்றாண்டு மாணவர்களிடம் நடத்திப் பார்த்தது. தில்லியின் அடிப்படைப் பாடங்களுக்கு அப்படியொரு முன்னோட்டம் கிடைத்திருந்தால் கணிதத் தாளின் குறை ஐம்பதாயிரம் பேரைத் தொடும் முன் தெரியவந்திருக்கும். ஹாங்காங் சிறிய இடம், பணவசதி உள்ள இடம் என்பது உண்மை. ஆனால் முன்னோட்டம் நடத்தப் பணத்தைவிடக் காலமே அதிகம் தேவை.

மீண்டும் நான்காண்டு

2015இல் தில்லிப் பல்கலைக்கழகம் மானியக் குழுவின் விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறைக்கு மாறியது. ஆக 2010க்கும் 2015க்கும் இடையில் இளநிலைப் படிப்பின் அமைப்பு நான்கு முறை மாறிற்று. பின்னர் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பலவழி வெளியேற்றத்துடன் கூடிய நான்காண்டுப் பட்டத்தைப் பரிந்துரைத்தது. கொள்கைக்கு முரண் என்று 2014இல் நீக்கப்பட்டது, ஆறே ஆண்டில் கொள்கையாகிவிட்டது.

2022இல் தில்லியில் மீண்டும் நான்காண்டுப் படிப்பு தொடங்கியது. பருவத்துக்கு 22 கிரெடிட் வீதம் மொத்தம் 176. ஓராண்டில் சான்றிதழ், இரண்டில் பட்டயம், மூன்றில் பட்டம், நான்கில் ஆய்வு அல்லது திட்டப்பணியுடன் கூடிய பட்டம். முந்தைய தொகுதிகள் பழைய முறையிலேயே மூன்றாண்டை முடித்து வெளியேறின. முதல் நான்காம் ஆண்டு வகுப்புகள் 2025இல் தொடங்கின.

பிற மாநிலங்களிலும் இது பல வடிவங்களில் நடக்கிறது. கேரளம் 2024 ஜூலையில் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. கர்நாடகம் 2021இல் தொடங்கி, ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2024-25 முதல் மூன்றாண்டுக்குத் திரும்பியது. ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் தங்கள் பாடத்திட்டத்திலேயே தொடரலாம், விரும்பினால் நான்காம் ஆண்டும் படிக்கலாம் என்று அம்மாநில அரசு அறிவித்தது. தில்லியின் 2013ஆம் ஆண்டுத் தொகுதியில் பி.டெக். மாணவர்களுக்கு மட்டும் கிடைத்த இசைவு அது. மற்றவர்கள் சுருக்கப்பட்ட படிப்பை முடித்து 2016இல் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறினர்.