சிக்கனமாக ஒரு கோழிக்கூண்டு

புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழி பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் அடைய மட்டுமே கூண்டைத் தேடும். அதனால் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். 20 கோழிக்கு 5 அடி நீளம், 4 அடி அகலம். அகலம் இதைத் தாண்டாதிருந்தால் வெளியில் நின்றபடியே மூலைவரை கை எட்டும். இரண்டு மூன்று கோழிகள்தான் என்றால் பஞ்சாரமே போதும், கூண்டுச் செலவே தேவையில்லை.

கூண்டின் அமைப்பு இடத்தைப் பொறுத்தது. கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரை ஊர்; வீராணம் ஏரியும் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான கொல்லைகளில் தண்ணீர் நிற்கும். ஈரத்தரையில் அடையும் கோழிக்குச் சளியும் குடற்புழுவும் எளிதில் பற்றும். ஆகவே இங்கே கூண்டுக்குப் பரண் அமைப்பே ஏற்றது: தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தளம், தாங்க நான்கு சவுக்குக் கால்கள். சவுக்கு இம்மாவட்டத்தில் பரவலாகப் பயிராவதால் வெகுதூரம் போய் வாங்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசினால் கரையான் அண்டுவது குறையும். தளத்துக்கு மூங்கில் பிளாச்சுகளை அரை அங்குல இடைவெளி விட்டு ஆணியடிக்க வேண்டும். எச்சத்தில் பெரும்பகுதி கீழே விழும், மிஞ்சுவதைத் தினமும் கூட்டித் தள்ளிவிடலாம். குஞ்சின் காலும் சிக்காது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பமோ 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எனவே சித்திரை வெயிலில் அடைத்த சுவரைவிடக் காற்றோட்டமே அதைக் காக்கும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும்; அவ்விரண்டையும் பழைய பலகையால் அடைத்துவிடலாம். வடக்கும் தெற்கும் வலையோடு திறந்திருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்குப் பக்கத்தைத் தாக்கும் என்பதால் அங்கே இறவாணத்தை இரண்டடி நீட்டி, சுருட்டி விடக்கூடிய சாக்குப் படுதாவும் தொங்கவிட வேண்டும்.

மற்றதை எல்லாம் கிடைத்ததைக் கொண்டு முடிக்கலாம். வலையிலும் கதவிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயை வெளியே நிறுத்தாது. அதன் மெல்லிய கம்பியை நாய் கிழித்துவிடும். பெரிய கண்ணில் பாம்பு நுழையும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் விலை கூடுதல்தான், ஆனால் ஒரே இரவில் ஒரு கீரி கொன்றுபோடும் கோழிகளின் விலையோடு அதை ஒப்பிட வேண்டும். கதவுக்கு வெறும் கயிற்றுக் கட்டு போதாது, கொண்டி வேண்டும்.

கூரைக்குத் தென்னங்கீற்று குளிர்ச்சி. எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு விளைகிற பகுதி இது என்பதால் கரும்புச் சோகையும் கிடைக்கும். இரண்டையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். தகர ஷீட் பல ஆண்டு உழைத்தாலும் வெயிலில் கொதிக்கும். மேலே கீற்றுப் பரப்பினால் சூடு தணியும். எதுவானாலும் கட்டுக்கம்பியால் கால்களோடு இழுத்துக் கட்டுவது அவசியம். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இம்மாவட்டத்தில் பிய்த்தெறிந்த கூரைகளுக்குக் கணக்கில்லை.

உள்ளே, கோழி உட்கார இரண்டு அங்குலத் தடிமனுள்ள கழிகள் வேண்டும், கோழிக்கு 20 சென்டிமீட்டர் வீதம். எல்லாக் கழிகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் உயரமான இடத்துக்குச் சண்டை வராது. முட்டையிட ஐந்து பெட்டைக்கு ஒரு பழைய கூடை, அதில் வைக்கோல். கூடை கழியைவிடத் தாழ இருக்க வேண்டும். உயர்ந்தால் கோழி அதிலேயே தூங்கி அசுத்தப்படுத்தும்.

மூங்கில் கூண்டின் பெரிய குறை கோழி உண்ணி. பகலில் வெடிப்புகளில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும். இரையின்றி மாதக்கணக்கில் உயிர் வாழும். மூங்கிலின் திறந்த முனைகளைக் களிமண்ணால் அடைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை சந்துகளில் படும்படி சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பரணுக்கடியில் சேரும் எச்சத்தை வாரந்தோறும் வாரிக் குப்பைக்குழியில் மட்கவிட்ட பிறகே வயலுக்குக் கொண்டுபோகலாம். பச்சையாக இட்டால் அதிலுள்ள மிகுதியான தழைச்சத்து பயிரின் வேரைக் கருக்கிவிடும்.