முடிக்கொத்து: வாழையை மடக்கும் ஆறு வளையங்கள்

சின்னமனூரிலிருந்து கம்பம் வரை சாலையோரம் நெல்லும் திராட்சையும் வாழையும் மாறி மாறி வரும். ஒரு வாழைத் தோட்டத்தில் ஒரு கன்று மட்டும் வளர்த்தியில்லாமல் நின்றால், அதன் இலைக்காம்பை உற்றுப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, விட்டுவிட்டு ஓடும் வரிகள் தெரியலாம். புது இலைகள் குறுகி, விறைத்து, ஓரம் மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இதுதான் முடிக்கொத்து நோய். இளங்கன்றிலேயே பிடித்துவிட்டால் குலை தள்ளாது.

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதைச் சுமந்து திரிவது வாழை அசுவினி. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்த இந்நோய், தேனிக்கு வடக்கே பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் விருப்பாச்சி வாழையின் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

இத்தனை நாசம் செய்யும் வைரஸின் மரபணுத் தொகுதி ஆறே ஆறு டிஎன்ஏ வளையங்கள்தான். ஒவ்வொன்றிலும் சுமார் 1,100 எழுத்துகள். வாழையின் மரபணுத் தொகுதியிலோ ஏறத்தாழ 50 கோடி எழுத்துகள்! வைரஸுக்குத் தானாகப் பெருகத் தெரியாது. வாழைச் செல்லின் டிஎன்ஏ நகலெடுக்கும் ஏற்பாடு வேண்டும். வளர்ந்து முடிந்த செல் அந்த வேலையை நிறுத்தியிருக்கும். ஒரு வளையம் தரும் புரதம் அதை மறுபடி நகலெடுக்கும் நிலைக்குத் தள்ளுகிறது. இன்னொன்றின் புரதம் வைரஸை நகலெடுப்பதைத் தொடங்கி வைக்கிறது. வேறொன்று உறையைத் தருகிறது.

வாழை சும்மா இருப்பதில்லை. வைரஸின் டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதே வரிசையுள்ள ஆர்என்ஏவைத் தேடி அழிக்கும். ஆனால் இந்தக் காவலையே முடக்கும் புரதங்களும் வைரஸிடம் உண்டு. அங்கேதான் வாழை தோற்கிறது.

அந்தக் காவலை முன்கூட்டியே உசுப்பிவிட்டால்? மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ரஸ்தாளியில் அதைச் செய்து பார்த்தார்கள். நகலெடுப்பைத் தொடங்கும் வைரஸ் மரபணுவுக்கு எதிரான சிறு ஆர்என்ஏக்களை வாழையே உற்பத்தி செய்யும்படி மாற்றினார்கள். அந்தச் செடிகள் நோயை வலுவாக எதிர்த்தன. 2012-இல் வெளியான இந்த ஆய்வு பெரிய சாதனை என்றே சொல்வேன். ஆனாலும் அத்தகைய வாழை நம் தோட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதுவரை கன்றில்தான் கவனம் வேண்டும். தாய் மரத்தில் வைரஸ் இருந்தால் பக்கக்கன்றிலும் இருக்கும், திசு வளர்ப்புக் கன்றிலும் இருக்கக்கூடும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வைரஸ் பரிசோதனை செய்து தருகிறது. கன்று வாங்கும்போது பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். நோய் கண்ட மரத்தில் முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்லுங்கள். பிறகு கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள்.