களிமண்ணும் கல்வியே

விழுப்புரத்தில் புதுச்சேரி ரயில் ஏறுவோர் வளவனூரைத் தாண்டிச் சற்று நேரத்தில் வில்லியனூரை அடைவார்கள். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. இத்தனை கியாதி வாய்ந்த வித்தை இவ்வளவு அருகில் இருக்க, வளவனூர்க் குழந்தைகள் அதை எங்கே கற்பது? பள்ளிக்கூடத்திலேதான் என்பது நமது அபிப்பிராயம்.

இது புதிய யோசனை அன்று. மெக்ஸிகோ தேசத்தில் புரட்சியின் அமளி அடங்கிய பின், 1921-ல் மத்தியக் கல்வி இலாகா தோன்றியது. ஹோஸே வாஸ்கான்ஸெலோஸ் அதன் முதல் மந்திரி. 1923 முதல் 'கலாசாரத் தூதுக்குழுக்கள்' கிராமங்களுக்குப் புறப்பட்டன. உபாத்தியாயர்களுக்குப் போதனாமுறையுடன் சங்கீதம், தோல் பதனிடுதல், சோப்புக் காய்ச்சுதல் ஆகியவற்றையும் அவை கற்பித்தன. நம் தேசத்திலோ 1937 அக்டோபரில் வார்தாவில் மகாத்மா காந்தி கூட்டிய மகாநாடு, கைத்தொழிலையே கல்வியின் நடுநாயகமாக வைத்தது. ராட்டையில் நூற்ற நூலை அளந்தே குழந்தை கணக்குக் கற்கலாம் அல்லவா?

ஆயினும் 'கைத்தொழில்' என்றதும் நம் பெற்றோர்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. 'குலக்கல்வி' என்று ஜனங்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதன்மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. குயவர் மகன் குயவனாகவே இருக்கவேண்டும் என்று விதிப்பது கல்வி ஆகுமா?

நாம் வேண்டுவது வேறு. வக்கீல் வீட்டுப் பெண்ணும் களிமண் பிசையட்டும். குயவர் வீட்டுப் பையனும் நாதஸ்வரம் பயிலட்டும். பறையைத் தொட எந்த வீட்டுக் குழந்தையும் கூசவேண்டாம்.

விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழாவும் நடந்து வருகிறது. நல்ல ஆரம்பந்தான். ஆனால், திருவிழா சில நாளில் முடிந்துவிடும். விரல்களுக்கோ வாராவாரம் பழக்கம் வேண்டும். ஆகவே, கால அட்டவணையில் கைத்தொழிலுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் குயவரை உபாத்தியாயராக அழைத்து, நாற்காலி கொடுத்து, உரிய சம்பளமும் கொடுங்கள். மண்ணைத் தொடும் கைக்கு மதிப்பு உண்டு என்பதைக் குழந்தைகள் தம் கண்ணாலேயே கண்டு கற்றுக்கொள்வார்கள்.