காலால் விளையாட ஒரு பலகை

வீட்டில் பழைய பிளேஸ்ரேசன் ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். கதிரையிற் குந்தியிருந்து பெருவிரலால் மட்டும் விளையாடும் பிள்ளைகளை எழுப்பி ஆடவைக்கும் விளையாட்டும் அதற்கு உண்டு. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998 இல் ‘டான்ஸ் டான்ஸ் ரெவலூசன்’ என்ற பெயரில் இதனை விளையாட்டுக் கூடங்களுக்காக வெளியிட்டது. அடுத்த ஆண்டே அங்கே பிளேஸ்ரேசனுக்கும் வந்தது. ஐரோப்பாவில் அப்போது ‘டான்சிங் ஸ்ரேஜ்’ என்று பெயர் இருந்தது. பாட்டுக்கேற்ப அம்புக்குறிகள் திரையில் மேலேறி வரும். அவை உரிய இடத்தைத் தொடும்போது காலடியிலுள்ள அதே அம்பை மிதிக்க வேண்டும். தட்டடவு பழகிய பிள்ளைக்கு இது பிடிபட அதிக நேரம் செல்லாது.

கடைகளில் விற்ற பிளாஸ்ரிக் விரிப்புகள் வழுக்கும், கெதியிற் பழுதாகும். ஆகையால் பல நாடுகளிலும் இளைஞர்கள் பலகையைத் தாங்களே செய்தார்கள். பலெர்மோவிலுள்ள நாமும் செய்யலாம்.

கொன்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்துவது என்பது இரண்டு தொடுமுனைகளை ஒன்றுசேர்ப்பதுதான். அந்தத் தொடுகையை வயர் மூலம் காலடிக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவே. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களல்லவா நாம்! இங்கே வீடு துடைக்கிற, கோப்பை கழுவுகிற தகப்பன்மாரில் ரேடியோ திருத்தியவர்களும் மோட்டார் கட்டியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. பள்ளிக்கூடக் கடிதத்தைப் பிள்ளை வாசித்துச் சொல்ல, தகப்பன் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை பல வீடுகளில் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமையாவது தகப்பன் சொல்லிக்கொடுக்கப் பிள்ளை கேட்கட்டும்.

மலிவான பழைய கொன்ரோலர் ஒன்றை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றுங்கள். தொடுமுனைகள் பச்சைப் பலகையிலேயே இருக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் இருந்தால் அது சரிவராது, சூட்டில் உருகிவிடும். நான்கு அம்புகளுக்கும் நான்கு வயர், எல்லாவற்றுக்கும் பொதுவான முனைக்கு ஒன்று, ஆக ஐந்து வயர் போதும். கறுப்பான தொடுமுனையில் ஈயம் ஒட்டாது. பக்கத்துக் கோட்டின் பச்சைப் பூச்சை மெல்லச் சுரண்டிச் செப்பிலே பற்றவைக்க வேண்டும். அதற்குமுன் துண்டு வயரால் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். திரையில் அம்பு அசைந்தால் இடம் சரி. பற்றவைக்கும்போது கொன்ரோலரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, யன்னலையும் திறந்து வையுங்கள்.

பலகைக்கு ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் சதுர ஒட்டுப்பலகை எடுக்கலாம். ஒவ்வொரு அம்புக்கும் கீழே ஒரு தகரத் தட்டு, மேலே ஒன்று. கீழ்த்தட்டுகளுக்குத் தனித்தனி வயர், மேல்தட்டுகள் எல்லாம் பொது வயரோடு. இரண்டுக்கும் நடுவே ஓரங்களில் மட்டும் மெல்லிய ஸ்பொஞ்சுப் பட்டி ஒட்ட வேண்டும். குளிர்காற்று புகாமல் யன்னலுக்கு ஒட்டுவார்களே, பெராமெந்தாக் கடையில் ‘பராஸ்பிபெரி’ என்று கேட்டால் தருவார்கள். தடித்தது வேண்டாம்; மிதித்த பின் அம்பு பிந்தித்தான் விழும். தகர விளிம்புகளை அரத்தால் தேய்த்து ரேப் ஒட்டாவிட்டால் பிள்ளையின் கால் வெட்டுப்படும். கொஞ்ச நாளில் ஸ்பொஞ்சு அமுங்கி, அம்பு மிதிக்காமலே விழத் தொடங்கும். அப்போது பட்டியை மாற்றினாற் போதும்.

ஒன்று முக்கியம். நம்மில் அதிகம்பேர் மாடிவீடுகளில் இருக்கிறோம். பலகைக்குக் கீழே தடித்த றப்பர் விரியுங்கள். மத்தியான ஓய்வு நேரத்தைக் கொந்தொமீனியோ விதிகளிற் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்நாள் ஆடுமுன் கீழ்வீட்டுப் பிள்ளைகளையும் மேலே கூப்பிட்டுவிட்டால், முறைப்பாடு வருவது குறையும்.