கப்பல் ஏறும் கார்: செலவும் சட்டமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன், கட்டபெட்டு

நீலகிரியில் பிறந்த நமக்குக் கடல் தூரமானதே ஆயினும் கப்பல் புதியதன்று. நம் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து தூளாகிக் குன்னூர் ஏலத்தில் விலை போய், கொச்சி வழியாகக் கடல் கடக்கிறது. தேயிலையைப் பற்றி நம் மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு சரக்கு. ஒரு காரை வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்பி விற்க வேண்டுமானால் என்ன செலவாகும், என்ன சட்டங்கள் குறுக்கே நிற்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றும் எங்களுக்குச் சொந்தங்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரி 1 முதல் கார்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கியது. “அங்கே கார் மூன்று மடங்கு விலையாமே, இங்கிருந்து ஒன்றை அனுப்பி விற்றால் என்ன?” என்ற பேச்சு அன்று முதல் டீக்கடைகளில் அடிபடுகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அவர்களுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

போய்வருவது வேறு, விற்பது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிலர் தம் காரைக் கப்பலில் ஏற்றிப் பல நாடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் ‘கார்னே’ என்னும் சுங்கக் கடவுச்சீட்டைப் பெற்றுச் செல்கிறார்கள். மனிதனுக்குப் பாஸ்போர்ட் எப்படியோ, காருக்குக் கார்னே அப்படி. மோட்டார் சங்கங்கள் இதை வழங்குகின்றன. “இந்த வண்டி குறித்த காலத்துக்குள் திரும்பிவிடும்; திரும்பாவிட்டால் தீர்வைக்கு நாங்கள் பொறுப்பு” என்று அச்சங்கம் அந்நாட்டுக்கு உறுதி கூறுகிறது. அதற்காக உரிமையாளரிடம் பெருந்தொகையை ஈடாக வாங்கி வைத்துக்கொள்கிறது. இவ்வாறு சென்ற காரை அங்கே விற்க முடியாது. விற்க வேண்டுமானால் அது ஏற்றுமதி, இறக்குமதி என்ற பெருவழியில்தான் போயாக வேண்டும். அந்த வழியில் மூன்று வாயில்கள் உள்ளன.

முதல் வாயில்: ஸ்டியரிங்

உலக நாடுகள் சாலையில் இடப்பக்கம் செல்வன, வலப்பக்கம் செல்வன என இரு பிரிவாக உள்ளன. இந்தியா, இலங்கை, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கென்யா, பிரிட்டன் ஆகியவை இடப்பக்கம் செல்பவை. அங்கெல்லாம் ஸ்டியரிங் காரின் வலப்பக்கம் இருக்கும். வளைகுடா நாடுகளில் இது தலைகீழ். நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்க்கும் துபாய்க்கு நம் மாருதியை அனுப்பி அங்கே ஓட்ட விற்பது நடவாத காரியம். திருப்பெரும்புதூர் அருகே உள்ள ஹூண்டாய் தொழிற்சாலை போன்றவை, போகும் நாட்டுக்கேற்ப இருவகை ஸ்டியரிங் வைத்தும் கார் செய்து அனுப்புகின்றன. நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாம் வாயில்: வயது

பழைய காரை எல்லா நாடும் ஏற்பதில்லை. பிற நாட்டார் கழித்துக்கட்டும் வண்டிகளுக்குத் தம் நாடு குப்பைமேடாகிவிடக் கூடாது என்பதும், புகை பெருகக் கூடாது என்பதும் காரணங்கள். கென்யாவில் 8 ஆண்டுக்கு மேற்பட்ட காரை இறக்க முடியாது. வங்கதேசத்தில் 5 ஆண்டு. இலங்கையில் கார்களுக்கு 3 ஆண்டு. நம் இந்தியாவும் சளைத்ததன்று. வெளிநாட்டில் ஓடிய காரை இங்கே கொண்டுவர வேண்டுமானால் அது 3 ஆண்டுக்கு உட்பட்டதாக, வலப்பக்க ஸ்டியரிங் உடையதாக இருக்க வேண்டும். அதுவும் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர முடியும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தம் பழைய ஜீப்பை இலங்கையில் விற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு தரகருக்கு முன்பணம் கொடுத்தார். அது பதினொரு ஆண்டு ஓடிய வண்டி. விதியைப் படித்த எவரும் அது அங்கே இறங்காது என்பதை ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஜீப் இன்றும் கட்டபெட்டில்தான் நிற்கிறது. முன்பணம்தான் திரும்பவில்லை.

மூன்றாம் வாயில்: காகிதம்

கார் நம்முடையது என்பதும், அதன்மேல் கடனோ வழக்கோ இல்லை என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் கடனை அடைத்து, பதிவுப் புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். திருட்டு வண்டி அன்று என்பதற்குக் காவல்துறைப் பதிவுகளும் பார்க்கப்படும். நம் டி.என். 43 எண் பலகை கடலோடு முடிந்துவிடும். அக்கரையில் புதிய பதிவு, புதிய எண்.

அடுத்து, ஏற்றுமதி செய்பவருக்கு ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும். இதற்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். பிறகு சுங்க முகவர் மூலம் ‘ஷிப்பிங் பில்’ தாக்கல் செய்ய வேண்டும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சுங்க அதிகாரிகள் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் வண்டி நின்றுவிடும். விற்ற பணம் வங்கி வழியாக அந்நியச் செலாவணியாகக் குறித்த காலத்துக்குள் நாட்டுக்குள் வந்து சேர வேண்டும். சொந்தக்காரர் கையில் வாங்கிக்கொண்டு வரும்போது தருவார் என்பது சட்டத்துக்குப் பொருந்தாது.

கப்பலில் ஏறிய பின் கிடைக்கும் சரக்கேற்றுச் சீட்டே எல்லாக் காகிதங்களிலும் தலையாயது. அதை வைத்திருப்பவரிடமே அக்கரையில் கார் ஒப்படைக்கப்படும். ஆகவே பணத்துக்கு உறுதி கிடைக்குமுன் அதைக் கைவிடுவது காரையே கைவிடுவதற்குச் சமம்.

கப்பலில் கார் செல்லும் விதம்

இனி நம் இயற்பியலுக்கு வருவோம். ஒரு சிறிய கார் 3.7 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். அதன் கன அளவு 8.88 கன மீட்டர். எடை 900 கிலோ என்றால், கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அதாவது தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கே. கார் கனமானது என்று நாம் நினைக்கிறோம். கப்பலுக்கோ அது பஞ்சு மூட்டை. எடை நிரம்புமுன் இடம் நிரம்பிவிடுகிறது. எனவேதான் காருக்குக் கப்பல் கூலி, எடையை விட்டுக் கன அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கூரைமேல் சாமான் கட்டும் கம்பிச்சட்டம் இருந்தால் உயரம் கூடும், கூலியும் கூடும்.

கார் செல்ல இரு முறைகள் உண்டு. ஒன்று ‘ரோ-ரோ’ கப்பல். இதில் கார்களைச் சாய்தளம் வழியாக ஓட்டிக்கொண்டே உள்ளே போய், மாடி மாடியாக நிறுத்திப் பட்டைகளால் தளத்தோடு பிணைக்கிறார்கள். ஒரு பெரிய கப்பலில் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் கார்கள் கொள்ளும். சென்னைத் துறைமுகமும் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகமும் இவ்வகை ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றவை. 2024–25ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான கார் முதலிய பயணி வாகனங்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 70 ஆயிரம். இவை தொழிற்சாலைகள் மொத்தமாக அனுப்பும் புதிய வண்டிகள்.

மற்றொன்று கன்டெய்னர். 20 அடிப் பெட்டியின் உள்நீளம் 5.9 மீட்டர் அளவில் இருப்பதால் ஒரு கார்தான் கொள்ளும். பெட்டியின் கன அளவு 33 கன மீட்டர். நம் காரோ 9 கன மீட்டர்கூட இல்லை. மிச்சமுள்ள காற்றுக்கும் சேர்த்தே நாம் கூலி கொடுக்கிறோம். 40 அடிப் பெட்டியில் இரண்டு கார் வைத்தால் செலவு பகிரப்படும். ஒற்றைக் கார் அனுப்புபவனுக்கு முதல் நட்டம் இங்கேயே தொடங்குகிறது.

ஏற்றுமுன் பெட்ரோலைக் குறைத்துவிட வேண்டும். கன்டெய்னரில் வைக்கும் காருக்குப் பேட்டரி இணைப்பையும் கழற்றுவது வழக்கம். இவை வீண் சடங்குகள் அல்ல. 2022 பிப்ரவரியில் ‘ஃபெலிசிட்டி ஏஸ்’ என்ற கப்பல் சுமார் 4,000 கார்களுடன் அட்லாண்டிக் கடலில் தீப்பிடித்து, மார்ச் 1 அன்று மூழ்கியது. மாலுமிகள் 22 பேரும் காப்பாற்றப்பட்டனர்; கார்கள் கடலடியில் கிடக்கின்றன. எனவே கடல் காப்பீடு இன்றியமையாதது. சரக்கு விலை, காப்பீடு, கூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கு மேல் 10 சதவீதம் கூட்டிக் காப்பீடு செய்வது வழக்கம். கடல் வணிகத்தில் வேறொரு பழைய நியதியும் உண்டு. கப்பலைக் காப்பாற்ற ஒருவர் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நட்டத்தை எல்லாச் சரக்குக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நம் கார் பத்திரமாக இருந்தாலும் நம் பங்கைக் கட்டிய பிறகே அது கைக்கு வரும். காப்பீடு இருந்தால் அதையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

உண்மையான செலவு எது?

கப்பல் கூலிதான் பெரிய செலவு என்று நானும் முதலில் எண்ணியிருந்தேன். கணக்கைப் போட்டபோது வேறு உண்மை தெரிந்தது. 2025இல் இலங்கை கதவைத் திறந்தபோது விதித்த வரிகள் இவை: கார் விலை, காப்பீடு, கூலி மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் 20 சதவீதம் சுங்கத் தீர்வை, அத்தீர்வையில் பாதி அளவு மேல்வரி, எஞ்சினின் கன அளவுக்கேற்ப உற்பத்தி வரி, குறித்த விலைக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி.

ஓர் உதாரணம் காண்போம். உற்பத்தி வரி 20 லட்சம் இலங்கை ரூபாய் என்று, கணக்கின் வசதிக்காக நாமே வைத்துக்கொள்வோம். சில சிறு சேர்க்கைகளை விட்டுவிடுவோம். ஒரே அளவு எஞ்சின் உள்ள இரு கார்கள். துறைமுகத்தில் இறங்கும்போது ஒன்றின் மதிப்பு 20 லட்சம், மற்றதன் மதிப்பு 40 லட்சம்.

முதல் காருக்குத் தீர்வையும் மேல்வரியும் 6 லட்சம். உற்பத்தி வரி 20 லட்சம். ஆக 46 லட்சம். அதன்மேல் 18 சதவீதம் 8.28 லட்சம். மொத்தம் 54.28 லட்சம்.

இரண்டாம் காருக்குத் தீர்வையும் மேல்வரியும் 12 லட்சம். உற்பத்தி வரி அதே 20 லட்சம். ஆக 72 லட்சம். அதன்மேல் 12.96 லட்சம். மொத்தம் 84.96 லட்சம்.

மலிவான கார் 2.7 மடங்காகிறது, விலை உயர்ந்த கார் 2.1 மடங்குதான் ஆகிறது. காரணம் யாதெனில், எஞ்சின் வரி விலையைப் பார்ப்பதில்லை. நம்மைப் போன்றவர் அனுப்ப நினைக்கும் சிறிய, மலிவான காரின்மேல்தான் அச்சுமை அதிகம் அழுத்துகிறது. மேலும் கப்பல் கூலியும் வரிக்கு உட்படுவதால், கூலி 1 ரூபாய் கூடினால் வாங்குபவருக்கு 1 ரூபாய் 53 காசு கூடுகிறது. பெட்டியில் இருந்த காற்றுக்கும் வரி!

டீக்கடையில் பேசப்பட்ட அந்த ‘மூன்று மடங்கு விலை’ இப்போது விளங்குகிறது. அது விற்பவன் பைக்குப் போகும் இலாபம் அன்று. பெரும்பகுதி அரசின் கருவூலத்துக்குப் போகிறது. அந்த அரசையும் நாம் எளிதில் குறை சொல்ல முடியாது. 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் கூட அந்நியச் செலாவணி இல்லாமல் அந்நாடு தவித்ததை உலகம் அறியும். ஒரு கார் உள்ளே வந்தால் டாலர் வெளியே போகிறது.

ஜப்பான் மட்டும் எப்படி?

ஆயினும் இலங்கைச் சாலைகளில் ஜப்பானில் ஓடிய கார்கள் நிறைந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்குச் செலவு அதிகம். ஆகவே நல்ல நிலையில் உள்ள காரையே பலர் விற்றுவிடுகிறார்கள். பெரிய ஏலக்கூடங்கள் ஒவ்வொரு காருக்கும் தரச்சீட்டு எழுதுகின்றன. ஸ்டியரிங்கும் வலப்பக்கம். கப்பல்களும் தொடர்ந்து செல்கின்றன. ஒரு கார் தனியே போகவில்லை. ஒரு பழகிய பாதையில் ஆயிரம் கார்களோடு போகிறது. கட்டபெட்டிலிருந்து போகும் ஒற்றைக் காருக்கு அந்தப் பாதை இல்லை.

முடிவுரை

எனவே, வெளிநாட்டில் கார் விற்றுத் தருவதாக யாரேனும் வந்தால் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அந்நாட்டில் ஸ்டியரிங் எந்தப் பக்கம்? காருக்கு வயது வரம்பு என்ன? இறக்குமதி வரியை யார் கட்டுவது? சரக்கேற்றுச் சீட்டு யார் பெயரில்? இந்த நான்குக்கும் எழுத்தில் விடை தராதவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கலாகாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அனுப்பும் மாதத்தில் உள்ள அரசிதழ் விதியையே பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. ஆனால் விடையாக வரும் காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் தேவை. நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். நம் ஊரில் யாரேனும் கையெழுத்துப் போடுமுன் அக்காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்துச் சொல்வோமானால், அரசு நமக்குச் செய்த செலவில் ஒரு பகுதியேனும் ஊருக்குத் திரும்பியதாகும்.