நானும் போட்ட கையெழுத்து

சென்ற பொங்கல் விழாவில் நமது சங்கத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்க என்னை மேடைக்கு அழைத்தார்கள். 'ரயில்வே இன்ஜினியர்' என்று அறிமுகம். கீழே இறங்கியதும் ஓர் இளைஞர், "எந்தக் காலேஜ் சார்? கிண்டியா, திருச்சியா?" என்று அன்போடு கேட்டார். "பாலிடெக்னிக், தம்பி. டிப்ளமா" என்றேன். "ஓ!" என்றார். அந்த 'ஓ' எனக்குப் புதிதல்ல. நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகியதுதான்.

ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமம். அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. 1976-ல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். பி.யூ.சி. ஒரு வருஷம், பிறகு பி.இ. ஐந்து வருஷம், பாலிடெக்னிக் என்றால் மூன்றே வருஷம். அப்பா விரல்விட்டு எண்ணினார், விஷயம் முடிந்தது. வசதியுள்ள வீட்டுப் பையன்கள் என்னைவிடக் குறைந்த மார்க்கோடு பி.யூ.சி. போனார்கள் என்று வெகுகாலம் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னக்கணக்கும் வட்டிக்கணக்கும் சொல்லிக்கொடுத்த என் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்பது அந்தக் கறுவலில் சேரவே இல்லை. என் முதல் வருஷ ஃபீஸுக்கு அடகு போனது அவள் தோடு.

1981-ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. வேலை, அதாவது இருப்புப்பாதை இன்ஸ்பெக்டர். விதர்பா பக்கம் போட்டார்கள். ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. டிகிரி படித்து யு.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினியரிங் சர்வீஸ் பரீட்சை எழுதி வருபவர் முதல் போஸ்டிங்கிலேயே அசிஸ்டெண்ட் இன்ஜினியர். நான் அந்த இடத்தை எட்டிப்பிடிக்கப் பதினைந்து, இருபது வருஷம் ஆகலாம், எட்டாமலும் போகலாம். (எட்டவில்லை. சீனியர் செக்ஷன் இன்ஜினியராகவே ரிட்டயர் ஆனேன்.) டிகிரிக்குச் சமம் என்று ஏ.எம்.ஐ.இ. எழுதப் பார்த்தேன். 'ஏ' செக்ஷன் தேறினேன். 'பி' செக்ஷனில் இரண்டு பேப்பர் பாக்கி. பரீட்சைக்கு லீவு கேட்டால் பாதையை யார் பார்ப்பது என்பார்கள். அப்படியே விட்டுப்போயிற்று.

1986 மே மாதம், கோட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம். நான் மூன்று நாள் வெயிலில் நூல் பிடித்து அளந்து எழுதிய ஒரு வளைவின் அறிக்கை, என்னைவிட ஒரு வயது சிறிய அதிகாரியின் பெயரில் மேஜைமேல் இருந்தது. அதிகாரிகளுக்கு நாற்காலி, டீ, பிஸ்கட். இன்ஸ்பெக்டர்களான நாங்கள் சுவரோரம் நின்றோம். என்ன கேட்டாலும் பதில் சொன்னவன் நான்தான். இரண்டு மணி நேரம், நின்றபடியே.

மத்தியானம் டிராலியில் திரும்பினேன். புஷ் டிராலியை எல்லோரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்டவாளத்தில் ஓடும் நாலு சக்கரப் பலகை. அதில் ஒரு பெஞ்ச், மேலே குடை. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே வருவார். தள்ளுகிறவர்கள் தண்டவாளத்தின் தலைமேல் ஓடுவார்கள். அதன் அகலம் இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். காற்றில் 45 டிகிரி என்றால் அந்த இரும்பு 60-ஐத் தாண்டும். நான் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு நாற்காலி போடாததை நினைத்துப் பொருமிக்கொண்டு வந்தேன்.

அன்று ஆள் குறைவு. அதனால் கேங்கிலிருந்து ஒரு கேஷுவல் ஆளைத் தள்ளக் கூட்டியிருந்தேன். 'பாவு' என்றுதான் கூப்பிடுவோம். மராத்தியில் அண்ணன், தம்பி இருவருக்கும் அதுதான். ஒரு கேட் அருகே தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, சட்டைப்பையிலிருந்து தன் சர்வீஸ் கார்டை எடுத்து நீட்டினார். "118 நாள் ஆச்சு, சாகேப். இந்தத் தடவையாவது..." என்று இழுத்தார்.

பாதைப் பராமரிப்புக்கு எடுத்த கேஷுவல் தொழிலாளி 120 நாள் தொடர்ந்து வேலை செய்தால் 'டெம்பரரி ஸ்டேட்டஸ்' தரவேண்டும் என்பது ரயில்வே விதி. ஸ்கேல் சம்பளம், லீவு, பாஸ் எல்லாம் அதோடு வரும். ஆகவே 120 ஆவதற்குமுன் 'பிரேக்' கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, சில நாள் கழித்துப் புதுசாக எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுத்தில் உத்தரவு கிடையாது. வாய்வார்த்தைதான், எல்லோருக்கும் புரியும். கட்டுமானப் பிரிவில் இருந்த கேஷுவல் ஆட்களுக்கு 1985-ல் இந்தர் பால் யாதவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழி பண்ணியிருந்தது. பாவு இருந்தது பராமரிப்பில். அவருக்கு வழி என் பேனாவில்தான் இருந்தது.

"மேலிடத்து உத்தரவு, பாவு" என்று சொல்லி பிரேக் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு மட்டும் அது நான்காவது தடவை. அவர் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீதி ஏழு கிலோமீட்டரும் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல். என் இடத்துக்கு வந்தவர் ஒரு கேரளத்துக்காரர், என்னைப் போல டிப்ளமாதான். அவர் பிரேக் எழுதவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்ததாம், பதில் எழுதினாராம், அதோடு சரி. பாவுக்கும் இன்னும் ஆறு பேருக்கும் ஸ்டேட்டஸ் கிடைத்தது. இது எனக்குத் தெரியவந்தபோது சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். மெமோவோடு போகிற காரியத்துக்கா அத்தனை பயந்தேன் என்று வெட்கமாகத்தான் இருந்தது. பாவுக்கு அந்தப் பழைய நாட்கள் கிராஜுட்டியிலும் சேரவில்லை, சீனியாரிட்டியிலும் சேரவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேட் ஆனார்கள். அவர் கீமேனாகவே ஓய்வு பெற்றார்.

போன நவம்பரில் பென்ஷன்காரர்களின் உயிர்ச்சான்று கொடுக்க பேங்க் போயிருந்தேன். வரிசையில் பாவு. முடி முழுக்க வெளுத்துவிட்டது. கால் மட்டும் இன்னும் திடம். பேத்தி நர்சிங் படிக்கிறாளாம். பழைய கதையெல்லாம் பேசினோம். "அந்தக் கார்டு இருக்கா, பாவு?" என்று கேட்டேன். "அதை எப்பவோ கரையான் தின்னுடுச்சு, சாகேப்" என்று சிரித்தார்.

அதற்குள் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே கவுண்டருக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். இந்த நவம்பரிலும் அதே கிளைக்குத்தான் போகவேண்டும். கொஞ்சம் முன்னதாகவே போய் உட்காரலாம் என்றிருக்கிறேன்.